யாழினிக்கு: துலூஸிலிருந்து கடல்வரை, வண்டி வராத கரை

அன்பு மகள் யாழினிக்கு,

அம்மா எழுதுவது. மே கடைசியில் ஐந்து நாள் விடுப்பு, கார் லாரி இல்லாத பாதையில் சைக்கிளில் போக வேண்டும், பிரான்சில் நீ இருக்கும் துலூஸிலிருந்தே கிளம்ப வேண்டும் என்று கேட்டிருந்தாய். அதற்கு உன் ஊர் ரயில் நிலையத்தின் வாசலில் ஓடுகிற கால்வாய்க் கரையே போதும். கனால் து மிதி 240 கிலோமீட்டர் ஓடித் தோ என்ற உப்பங்கழியில் கலக்கிறது. அங்கிருந்து இன்னும் இருபது கிலோமீட்டர் போனால் செத் நகரம், மத்தியதரைக் கடல். பியர் போல் ரிக்கே 1666-இல் அரசரின் அனுமதி பெற்று வெட்டத் தொடங்கி, 1681-இல் முடிந்த கால்வாய் அது. குதிரைகள் கரையில் நடந்து படகை இழுத்தன. நீ ஓட்டப்போவது அந்தக் குதிரைப் பாதை.

வண்டி வராத பாதை என்றதும் எனக்கும் நிம்மதிதான். ஆனால் அதை வழவழப்பான பாதை என்று எண்ணிவிடாதே. வரைபடத்தில் ஒரே கோடாகத் தெரிவது தரையில் நான்கு விதமாக இருக்கிறது. முதல் நாளை வைத்து மற்ற நாட்களைக் கணக்குப் போடுகிறவர்கள்தான் மூன்றாம் நாள் தவிக்கிறார்கள்.

துலூஸிலிருந்து முதல் 50 கிலோமீட்டர் தார். கண்ணை மூடிக்கொண்டு மணிக்கு 18 போகலாம். அதன் முடிவில் நோரூஸ் மேடு. கடல் மட்டத்திலிருந்து 189 மீட்டர், கால்வாயின் உச்சி அதுதான். கறுப்பு மலையிலிருந்து வாய்க்கால் வழியாக இறங்கிவரும் தண்ணீர் அங்கே இரண்டாகப் பிரிந்து, ஒரு பங்கு அட்லாண்டிக் பக்கமும் மறு பங்கு மத்தியதரைக் கடல் பக்கமும் போகிறது. இறங்கிப் பார்த்துவிட்டுப் போ. ஒரு நாள் கூடுதலாக இருந்தால் அந்த வாய்க்கால் கரையோடு சுமார் 40 கிலோமீட்டர் மேலே போய் சேன் ஃபெரெயோல் அணையைப் பார்க்கலாம். நிழலான மண்பாதை.

நோரூஸுக்குப் பிறகு தார் போய்விடும். கஸ்தெல்நோதரி, கர்கசோன் வழியாக த்ரெப் வரை கெட்டித்த பொடிஜல்லியும் மண்ணும் மாறி மாறி வரும். சில துண்டுகள் புதிதாகச் சீராக்கப்பட்டவை, சில ஒற்றையடித் தடம்போல. த்ரெப் தாண்டினால் மர வேர்கள். அந்த நாளில் மணிக்கு 12 கிலோமீட்டருக்கு மேல் கணக்குப் போடாதே. வேர் குறுக்கே வரும்போது பெடலில் எழுந்து நின்று, முழங்கையைத் தளர்த்தி, சக்கரத்தை நேராக வைத்துக் கடக்க வேண்டும். சாய்வாக ஏறினால் டயர் வேரோடு வழுக்கிப் பக்கவாட்டில் போகும், பக்கவாட்டில் இருப்பது தண்ணீர். மழை பெய்த அன்று வேர்ப் பகுதியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் ஒரு குறைவும் இல்லை.

நிழலைப் பற்றி ஒரு வார்த்தை. கால்வாயின் அழகு என்று படங்களில் காட்டுகிற பிளாத்தான் மரங்கள் 42,000 இருந்தன. 2006-இல் அவற்றில் பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அது வேரிலிருந்து வேருக்கும், தண்ணீர் வழியாகவும், வெட்டுக் கருவிகள் வழியாகவும் பரவுகிறது, மருந்து கிடையாது. ஆயிரக்கணக்கில் வெட்டி எரித்துவிட்டு வேறு இன மரங்களை நட்டு வருகிறார்கள். அதனால் பழைய படத்தை நம்பித் தொப்பியை விட்டுவிட்டுப் போகாதே. கன்று மரங்களுக்கு நடுவே மணிக்கணக்கில் வெயிலில் ஓட்ட வேண்டியிருக்கும்.

ஆர்ழான் என்ற ஊருக்குப் பிறகு பெசியே வரை 54 கிலோமீட்டருக்கு மதகே இல்லை; மதகு என்றால் படகை நீர்மட்டம் மாற்றி ஏற்றி இறக்கும் கதவு வைத்த அறை. மலைச்சரிவின் ஒரே மட்டத்தைப் பிடித்துக்கொண்டு கால்வாய் வளைந்து வளைந்து போகிறது. மதகு இல்லையென்றால் மதகு வீடும் ஆளும் இல்லை, பல இடங்களில் குழாயும் இல்லை. அங்கே மூன்று லிட்டர் தண்ணீர் வைத்துக்கொள். லெ சோமாயிலும் கபெஸ்தானிலும் நிரப்பிக்கொள்ளலாம். ஊர் நீரூற்றில் ‘ஓ நோன் பொதாப்ள்’ என்று எழுதியிருந்தால் குடிக்கக்கூடாது. கல்லறைத் தோட்டங்களில் பெரும்பாலும் குழாய் இருக்கும், அந்த நாட்டில் சைக்கிளில் போகிறவர்கள் எல்லோரும் நிரப்புகிற இடம் அது.

இப்போது டயர். உன் சைக்கிளில் 32 மில்லிமீட்டர் இருப்பதாகச் சொன்னாய். தார்ச்சாலைக்குச் சரி, வேர்ப் பகுதிக்குப் போதாது. ஃபிரேமில் இடம் இருந்தால் 40 போடு. நீயும் சைக்கிளும் மூட்டையும் சேர்ந்து 80 கிலோ என்றால், டியூப்லெஸ்ஸுக்கு (உள்ளே டியூப் இல்லாத டயர்) முன்னே 30, பின்னே 35 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும். டியூப் போட்டிருந்தால் 40-க்குக் கீழே இறக்காதே. வேரில் மோதும்போது ரிம்முக்கும் வேருக்கும் நடுவே டியூப் நசுங்கிப் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். பயந்துபோய் 60 அடித்தாலும் தவறு. டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளிப் பிடிப்பை இழக்கும், உன் மணிக்கட்டு இரண்டாம் நாளே வலிக்கும்.

அங்கேயும் நெருஞ்சி இருக்கிறது, கண்ணு. நம் ஊர்க் காட்டில் காலில் குத்துகிற அதே செடிதான். தெற்குப் பிரான்சின் வறண்ட மணற்பாங்கான ஓரங்களில் கோடை முற்றும்போது காய்ந்து முள்ளை உதிர்க்கும். நீ மேயில் போவதால் தொல்லை குறைவு, ஆனாலும் ஓய்வெடுக்கச் சைக்கிளைப் புல்லுக்குள் உருட்டிக்கொண்டு போகாதே. டியூப்லெஸ் என்றால் ஒரு டயருக்கு 60 மில்லி சீலன்ட், அதாவது ஓட்டையை அடைக்கும் திரவம், ஊற்று. பழைய சீலன்ட் மூன்று நான்கு மாதத்தில் காய்ந்து தோலாகிவிடும், கிளம்பும் முன் குலுக்கிப் பார். முள் குத்தினால் பிடுங்கிவிட்டு ஓட்டையைக் கீழ்ப்பக்கம் வைத்து ஒரு நிமிடம் நிறுத்தினால் அடைந்துகொள்ளும். டியூப் என்றால் டயரின் உட்புறத்தைத் துணியால் சுற்றித் துடை. முள்முனை இருந்தால் துணி மாட்டும். அதைப் பார்க்காமல் புது டியூப் போடுகிறவர்களுக்குப் பத்தாவது நிமிடம் மறுபடி பஞ்சர்.

ஜல்லி அதிர்வில் கேரியர் போல்ட் கழன்றுவிடும். தினமும் காலையில் 4 மில்லிமீட்டர் ஆலன் சாவியால் ஒரு சுற்றுப் பார். கீழே கிடக்கும் சுள்ளி பின் கியரில் சிக்கினால், அதை ஃபிரேமோடு பிடித்திருக்கும் ஹேங்கர் என்ற சிறு துண்டு வளையும். ‘கடக்’ என்று சத்தம் கேட்டதும் மிதிப்பதை நிறுத்து, இன்னொரு மிதி மிதித்தால் உடைந்துவிடும். உன் சைக்கிளுக்கான ஹேங்கரை முன்பே வாங்கிப் பையில் போட்டுக்கொள், வழியிலுள்ள கடைகளில் அதே வடிவம் கிடைக்காது. நனைந்த பொடிஜல்லி வெள்ளைச் சேறாகிச் செயினில் அரைக்கும் பசைபோல வேலை செய்யும். அன்று மாலை தண்ணீரால் கழுவித் துடைத்துவிட்டு எண்ணெய் விடு. சேற்றின் மேலேயே எண்ணெய் விடாதே.

வண்டி எங்கே வரும் என்றால், பாதை கரை மாறுகிற பாலங்களில். ஊர்ச் சாலை குறுக்கிடும் இடம் அது. பாதையில் கார் நுழையாதபடி குறுக்குக் கம்பிகளும் வைத்திருப்பார்கள். பக்கப் பை மாட்டியிருந்தால் நேராக நுழையாதே, பையின் அகலம் கம்பியில் தட்டும். கால்வாய்ப் பராமரிப்பு வண்டி மட்டும் எப்போதாவது கரையில் வரும். பாலத்தின் அடியில் பாதை இறங்கி ஏறும், வெயில் படாததால் சேறு காயாது. வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து முடித்துவிடு. திரும்பும்போது முன் பிரேக் பிடித்தால் சக்கரம் சரளையில் நழுவும்.

போகும் திசையைக் காற்றை வைத்து முடிவு செய். மேற்கிலிருந்து வீசும் செர்ஸ் காற்று இருந்தால் துலூஸிலிருந்து கடல் நோக்கி உன்னைத் தள்ளிக்கொண்டே போகும். தென்கிழக்கிலிருந்து ஓதான் காற்று என்று முன்னறிவிப்பு சொன்னால், அதை எதிர்த்துக் கிளம்பாதே. ரயிலில் செத் போய் அங்கிருந்து துலூஸுக்கு ஓட்டு. ஏற்றம் ஒன்றும் பெரிதில்லை, எதிர்க்காற்றுதான் ஆளை அடிக்கும்.

செர்ஸ் என்று வைத்து ஐந்து நாள் கணக்கு: கஸ்தெல்நோதரி 65 கிலோமீட்டர், த்ரெப் 53, லெ சோமாய் 48, பெசியே 42, கடைசி நாள் ஆக்த் வழியாக செத் 50-க்கு மேல். வேர்ப் பகுதி மூன்றாம் நாளில் விழும்படி வைத்திருக்கிறேன், உடம்பு பழகியிருக்கும். பெசியேக்குள் நுழையும்போது ஃபோன்செரான் மதகுப்படிகள், எட்டு அறைகள், 21 மீட்டருக்கு மேல் இறக்கம். பக்கத்துப் பாதையில் கூட்டம் இருக்கும், தள்ளிக்கொண்டே இறங்கு. மார்செய்யான் கடற்கரையிலிருந்து செத் வரை மணல்திட்டின் மேல் தனிச் சைக்கிள் பாதை.

சாப்பாடு: மதியம் 12-க்குப் பிறகு சிற்றூர்க் கடைகள் சில மணி நேரம் மூடிவிடும், பல திங்களன்றும் திறக்காது. காலை ஏழு மணிக்கு பேக்கரி திறக்கும்போதே மதியத்துக்கும் சேர்த்து வாங்கிவிடு. மேயில் அங்கே விடுமுறைகள் அதிகம், அந்த நாட்களில் வட்டார ரயிலில் சைக்கிள் இடமும் சீக்கிரம் நிரம்பும். செத்திலிருந்து திரும்ப ஞாயிறு மாலையை விட்டுக் காலை ரயிலைப் பிடி. தொலைதூர ரயில் என்றால் சைக்கிளுக்கும் முன்பதிவு வேண்டும்.

கால்வாய் சலித்து மலை வேண்டுமென்றால் அடுத்த முறைக்கு ‘பாஸா பாயிஸ்’ வைத்துக்கொள். பெதாரியூவிலிருந்து மசாமே வரை சுமார் 80 கிலோமீட்டர், தண்டவாளம் எடுத்த பழைய ரயில் பாதை, கெட்டித்த ஜல்லி. ரயில் ஏறிய பாதை என்பதால் சரிவு மெதுவாகத்தான் இருக்கும். நீண்ட சுரங்கங்கள் உண்டு, விளக்கு இல்லாமல் போகாதே. இரண்டு முனையிலும் ரயில் நிலையம் இருப்பது பெரிய வசதி.

விளக்கும் மணியும் அந்த நாட்டில் சட்டப்படியே கட்டாயம். ஊருக்கு வெளியே இருட்டினால் ஒளிரும் சட்டையும் போட வேண்டும். ஏதாவது ஆனால் 112. கரையில் முகவரி கிடையாது, அதனால் கடைசியாகக் கடந்த மதகின் பெயரை நினைவில் வைத்துக்கொள், மதகு வீட்டுச் சுவரில் எழுதியிருக்கும். இரவு தங்குமிடம் சேர்ந்ததும் அந்தப் பெயரை மட்டும் எனக்கு அனுப்பு, வரைபடத்தில் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா