சார் விட்டுப்போன நோட்டு

வாணியம்பாடி
ஞாயிறு மதியம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நம் வக்கீல் சாருக்குப் பதினாறாம் நாள் காரியம் நேற்றோடு முடிந்தது. உனக்கு லீவு கிடைக்காததை அவர் வீட்டம்மாவிடம் சொன்னேன். ஒன்றும் வருத்தப்படவில்லை.

போனில் நீ ஒன்று கேட்டாயே, "இத்தனை வருஷத்துல சார் என்னதான்ப்பா ஜெயிச்சாரு?" என்று. அப்போது எனக்கு வாய் வரவில்லை. குமாஸ்தாவுக்கு எழுதத்தானே தெரியும்.

தோல் பதனிடும் டேனரிகளின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த வேலூர் கேஸை நீ காலேஜில் படித்திருப்பாய். 1991-ல் சுப்ரீம் கோர்ட்டில் போட்ட ரிட் மனு, 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு கொடுத்த தீர்ப்பு. டில்லியில் நின்றவர் எம்.சி. மேத்தா. சார் பெயர் அதில் எங்கும் இருக்காது. மாசுபடுத்தியவரே செலவையும் ஏற்க வேண்டும் என்று நீங்கள் மனப்பாடம் செய்ததை, சார் இங்கே திண்ணையில் உட்கார்ந்து "அழுக்காக்குனவன்தான் துவைக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு வேலை ஆரம்பித்ததே தீர்ப்புக்கு அப்புறம்தான்.

நஷ்டத்தைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைத்தார்கள். அதன் முன்னால் போய் நிற்க ஒவ்வொருவருக்கும் பட்டா, சிட்டா, அடங்கல், கிணறு இருக்கும் சர்வே நம்பர் எல்லாம் வேண்டும். பாதிப் பேரிடம் பட்டா தாத்தா பெயரில் கிடந்தது. சாரும் நானும் அவருடைய பழைய பஜாஜில் ஊர் ஊராகப் போவோம். போகிற வீட்டில் எல்லாம் முதலில் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் வாயில் ஊற்றிப் பார்ப்பார். உப்பு கரிக்கும். சொன்னால் கேட்க மாட்டார். அந்த வயிற்று வலியோடுதான் மறுநாள் கோர்ட்டுக்கு வருவார்.

ஒரு பாட்டி, தன் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேக மாட்டேன் என்கிறது, டீ போட்டால் பால் திரிந்துபோகிறது என்றாள். சார் அதை அப்படியே அஃபிடவிட்டில் எழுதச் சொன்னார். ஜூனியர் ஒருவர் சிரித்துவிட்டார். "தண்ணியில எவ்வளவு உப்புன்னு லேப்காரன் சொல்லிடுவான். பருப்பு வேகலைன்னு அவன் சொல்ல மாட்டான்யா" என்றார் சார். அன்றைக்கு நான் டைப் அடித்தது பதினோரு அஃபிடவிட். பதினோரு வீட்டிலும் பருப்பு வேகவில்லை.

இதில் வருமானம் என்று ஒன்றும் கிடையாது. பாகப்பிரிவினைக் கேஸ்களில் வந்த காசில்தான் பாலாற்றுக் கேஸ் ஓடியது. அண்ணன் தம்பி சண்டை குறைந்த வருஷங்களில் என் சம்பளமும் தள்ளித் தள்ளித்தான் வந்தது. உன் அம்மாவுக்கு அவர்மேல் கோபம் இருந்ததும் நியாயம்தான்.

2001 மார்ச்சில் ஆணையம் தன் முடிவைச் சொன்னது. 547 டேனரிகள், 29,193 பேர், 26 கோடியே 82 லட்சம் ரூபாய். கோர்ட் வாசலில் பட்டாசு வெடித்தார்கள். சார் என் பேனாவை வாங்கி அங்கேயே வகுத்துப் பார்த்தார். ஆளுக்குச் சராசரி ஒன்பதாயிரத்துச் சொச்சம். "இதுல ஒரு போர்வெல்கூடப் போட முடியாதே" என்றவர், அன்று மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகவில்லை.

அந்த நோட்டை அவர் ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். நம் பக்கத்து ஊர்க்காரர்களின் பெயர்கள், பணம் வந்ததா இல்லையா, எவ்வளவு என்ற விவரம். யாராவது இறந்துவிட்டால் பெயரை அடிக்கக் கூடாது. கீழே பென்சிலில் வாரிசுகளின் பெயரை எழுத வேண்டும். இப்போது அந்த நோட்டில் பென்சில்தான் அதிகம்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. உன் ப்ளஸ் டூ பீஸைக் கட்டியது உன் மாமா. அது அவர் டேனரியில் ஈரத்தோல் தூக்கிச் சம்பாதித்த காசு. சாருக்கு இது தெரியும். வருஷக்கணக்கில் எனக்குள் அரித்துக்கொண்டிருந்ததை ஒரு நாள் நானாகவே அவரிடம் சொன்னேன். "உன் மச்சான் கைக்கு கிளவுஸ் குடுக்குறானாய்யா?" என்று மட்டும் கேட்டார். கொடுக்கவில்லை.

2015 ஜனவரி 31-ல் ராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலும் வங்காளத்திலிருந்து வந்த பிள்ளைகள். சார் அப்போது கோர்ட்டுக்குப் போவதை நிறுத்தியிருந்தார், முட்டிவலி வேறு. ஆனாலும் மறுநாள் என்னைக் கூப்பிட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தப் பத்துப் பேரையும் எழுதச் சொன்னார். அவர்களுக்கு நிலமில்லை, கிணறுமில்லை, நம் கேஸிலும் இல்லை. அதை நான் சொன்னேன். "எழுதுய்யா" என்றார்.

2025 ஜனவரி 30-ல் சுப்ரீம் கோர்ட்டிலிருந்து வந்த தீர்ப்பைத்தான் நீயே எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினாய். பாக்கி இழப்பீட்டை அரசு ஆறு வாரத்துக்குள் கொடுத்துவிட்டு டேனரிகளிடமிருந்து வசூலிக்கச் சொல்லியிருந்ததே, அதுதான். அதை சாருக்குப் படித்துக் காட்டினேன். கண் ஆபரேஷன் செய்த நேரம், கட்டோடு படுத்திருந்தார். ஆறு வாரம் என்றதும் சிரித்தார். சிரித்துவிட்டு, நோட்டை எடு, யார் யார் இருக்கிறார்கள் பார்ப்போம் என்றார். நாற்பது பெயர் படிப்பதற்குள் தூங்கிவிட்டார்.

நேற்று சார் வீட்டம்மா அந்த நோட்டை மஞ்சள் பையில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டார்கள். புத்தகங்களெல்லாம் ஜூனியருக்கு. வியாழக்கிழமை ஒருவர் வருகிறார், பருப்பு வேகவில்லை என்றாளே, அந்தப் பாட்டியின் பேரன். வாரிசுச் சான்றுக்குத் தாலுகா ஆபிஸுக்கு அவரோடு போக வேண்டும்.

உன்னால் ஒரு உதவி ஆக வேண்டும். அந்தத் தீர்ப்பின் இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் பிடிபடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முழுசாகப் படி. இறந்தவர்களின் வாரிசுகளைப் பற்றி எங்காவது ஒரு வரி இருக்கிறதா பார்த்து, தமிழில் எழுதி அனுப்பு. போனில் சொல்லாதே, பேப்பரில் எழுது. நோட்டில் ஒட்ட வேண்டும்.

அன்புடன்,
அப்பா