குரல் வரும்வரை பொறுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இங்கிலாந்து ராக் இசைக்குழுவான தி க்யூரின் ‘சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்’ ஆல்பத்தைப் பற்றி ரசிகர்கள் இன்னும் அடித்துக்கொள்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். 2008இல் வந்த முந்தைய ஆல்பத்துக்குப் பிறகு 16 வருஷம் காக்க வைத்து 2024 நவம்பரில் வந்தது, எட்டே பாட்டு. அதற்கே ஒரு கூட்டம், “இதில் துள்ளலாக ஒன்றுகூட இல்லையே” என்கிறது. முதல் பாட்டில் பாடகர் ராபர்ட் ஸ்மித் வாய் திறக்க மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிறதாம், பொறுமை இல்லையாம். அந்த மூன்று நிமிடம்தானே பாட்டு! டிரம்ஸ் அவசரமே இல்லாமல் விழுந்துகொண்டிருக்க, மேலே கீபோர்டு மெல்லப் பரவி, சரி இனி குரலே வராது போல என்று நாம் விட்டுவிடுகிற நேரத்தில் அவர் பாடத் தொடங்குகிறார், அதுவும் இளமையில் கேட்ட அதே குரலில்.

ஸ்மித் தன் அண்ணனை இழந்ததைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு “ஒரே சோகம்” என்று குறைப்படுபவர்களிடம் என்ன சொல்ல?

1989இல் வந்த அவர்களுடைய ‘டிஸின்டெக்ரேஷன்’ ஆல்பத்துக்கு அப்புறம் இதுதான் சிறந்தது என்று கொண்டாடுகிறவர்களோடும் நான் முழுசாக ஒத்துப்போகவில்லை. சில இடங்களில் எல்லாக் கருவிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இரைச்சலாகக் கேட்கிறது, ஹெட்போனில் காது வலிக்கிறது. திட்டுவதென்றால் அதைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய ரசிகன்