புதுக் கார் வாங்கிய மகளுக்கு, டிக்கோயாவிலிருந்து

மகள்,

நேற்று ராத்திரி போனில் நீ கேட்டதற்கு யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். கொம்பனியில் சேர்விஸ் போட்டால் காசு கூட, தெஹிவளையில் உன் வீட்டுக்குப் பக்கத்தில் கராஜ் வைத்திருக்கும் ஒரு பாஸ் இருக்கிறார், நல்ல மனுஷன், பாதிக் காசுக்குச் செய்து தருவாராம், அங்கே விடவா என்றாய். போனில் சொன்னால் பாதி காதில் விழாது, நீயும் டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பாய், அதனால் எழுதுகிறேன். ஆறுதலாக உட்கார்ந்து வாசி.

காரோடு இரண்டு புத்தகம் தந்திருப்பார்கள். தடிப்பானது ஓட்டுகிறவருக்கு. மெல்லியது வாரண்டியும் சேர்விஸ் பதிவும் உள்ளது. இரண்டும் எங்கே? டேஷ்போர்டுக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தால் இன்றைக்கே பிரி.

ஏன் இதை முதலில் கேட்கிறேன் என்றால், நீ ஏழாம் ஆண்டு படிக்கும்போது சித்தப்பாவும் நானும் சேர்ந்து லீசிங்கில் ஒரு வேன் எடுத்தோமே, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஹட்டனுக்கு ஏற்றி இறக்கிய வேன், அதன் புத்தகத்தை நான் அலுமாரியில் உங்கள் பிறப்புச் சான்றிதழ்களோடு துணியில் சுற்றி வைத்திருந்தேன். பத்திரமாக வைத்தேனே தவிர ஒரு நாளும் திறக்கவில்லை. பதினாலாம் மாதம் கியர் பொக்ஸில் சத்தம் வந்தது. வாரண்டி இருக்கிறதே என்று தைரியமாகக் கொண்டு போனோம். கவுண்டரில் இருந்தவர் புத்தகத்தை வாங்கி சேர்விஸ் பக்கங்களைத் திருப்பினார், ஒன்று, இரண்டு, மூன்று, எல்லாம் வெள்ளை. ஒயில் நேரத்துக்கு மாற்றித்தான் இருந்தேன், என் கையாலேயே. ஆனால் முத்திரை இல்லை, ஒயில் வாங்கிய பில் இல்லை, எந்தத் தேதியில் எத்தனையாவது கிலோமீற்றரில் என்று எழுதி வைக்கவும் இல்லை. முடியாது என்று சொல்லிவிட்டார். அம்மாவின் இரண்டு காப்பும் அடகுக்குப் போனது அதற்குத்தான். அந்த இடத்தின் பெயர் வேண்டாம். வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்து பார்த்தால் பதினோராம் பக்கத்தில் அவர் சொன்னது அப்படியே அச்சடித்திருந்தது. அந்தப் பக்கத்தை வண்டி எடுத்த அன்றே நான் வாசித்திருக்க வேண்டும்.

சரி, இப்போது உன் காருக்கு வருவோம். வாரண்டி மூன்று வருஷம் அல்லது ஒரு லட்சம் கிலோமீற்றர் என்று சொன்னாய். எது முதலில் வருகிறதோ அதோடு முடிந்தது. சேர்விஸுக்கும் அதே மாதிரிதான், மாதக் கணக்கும் உண்டு, கிலோமீற்றர் கணக்கும் உண்டு. ஓடவே இல்லையே அப்பா, நின்ற இடத்திலேயே நிற்கிறதே என்று நீ ஒரு வருஷத்தைக் கடத்தினாலும் அது தவறவிட்ட சேர்விஸ்தான்.

அப்புறம், சேர்விஸ் அட்டவணை ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்று இருக்கும், கடினமான ஓட்டத்துக்கு என்று. அநேகமாக யாரும் அதைப் பார்ப்பதில்லை. மலை ஏற்ற இறக்கம், தூசு, நின்று நின்று நகரும் நெரிசல், எஞ்சின் சூடேறும் முன்பே முடிந்துவிடும் குட்டிப் பயணம், இவைதான் அவர்கள் சொல்லும் கடினம். நீ காலையில் காலி வீதி நெரிசலில் ஊர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறாய், மாதம் ஒரு தடவை அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை என்று ஏறி இங்கே வருகிறாய். நமக்கு அந்த இரண்டாவது அட்டவணைதான். ஒயில் மாற்றும் தூரம் அதில் குறைவாக இருக்கும், சில வண்டிகளுக்குச் சரிபாதி.

இனி, வாரண்டி எதை ஏற்காது என்று பார். உற்பத்தியில் வந்த குறைக்குத்தான் வாரண்டி, தேய்மானத்துக்கு இல்லை. பிரேக் பேட், வைப்பர் ரப்பர், பல்ப், கிளட்ச் தட்டு, இவை தேய்வதற்கென்றே செய்தவை. டயருக்கு டயர் செய்தவரின் வாரண்டி தனி, பற்றரிக்கு அநேகமாகக் காலம் குறைவு. தண்ணீர் புகுந்து எஞ்சின் இறுகினால் அது வாரண்டிக்கும் போகாது, இன்சூரன்ஸ் பக்கம் போக வேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்தபோது நம் பக்கம் பட்ட பாட்டை நீயே பார்த்தாய். உன் பொலிசியில் வெள்ளமும் மண்சரிவும் சேர்ந்திருக்கிறதா என்று நாளைக்கே கேள். சேரவில்லை என்றால் கொஞ்சம் காசு கட்டிச் சேர்த்துக்கொள், அதில் மிச்சம் பிடிக்காதே.

பாஸ் விஷயம். வெளியில் சேர்விஸ் போட்டாலே வாரண்டி போய்விடும் என்று சிலர் சொல்வார்கள், ஒன்றும் ஆகாது என்று வேறு சிலர். இரண்டு பேரும் உன் புத்தகத்தை வாசித்தவர்கள் இல்லை. சில கொம்பனிகள் எங்கள் இடத்தில்தான் செய்ய வேண்டும் என்று எழுதுகிறார்கள். சிலவற்றில் அட்டவணைப்படி, சொன்ன தரத்து ஒயிலும் பாகமும் போட்டு, பில் இருந்தால் போதும், ஆனால் வெளியில் போட்ட பாகத்தால் வந்த பழுதை ஏற்கமாட்டோம் என்று இருக்கும். அமெரிக்காவில் இதற்கென்றே 1975இல் ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள், தங்கள் பெயர் போட்ட பாகத்தைத்தான் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று வாரண்டியில் சாதாரணமாக நிபந்தனை போட முடியாது. யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு இங்கே கவுண்டரில் போய் வாதாடாதே, அது அந்த நாட்டுச் சட்டம். நமக்கு முதலில் கையில் இருப்பது அந்த மெல்லிய புத்தகம். அதில் தெளிவில்லை என்றால் மின்னஞ்சலில் கேட்டு மின்னஞ்சலிலேயே பதில் வாங்கு. வாயால் சொன்னதை யாரும் பிறகு ஒத்துக்கொள்ளமாட்டார்கள். எழுத்தில் இருந்தும் ஏமாற்றினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, 1977 என்ற நம்பருக்குப் போன் எடுத்து முறைப்பாடு சொல்லலாம்.

நான் சொல்வது இதுதான். வாரண்டி முடியும் வரை சேர்விஸை கொம்பனியிலேயே போடு. பாஸிடம் பஞ்சர், வைப்பர், கழுவுதல். மூன்று வருஷம் கழித்து அவரிடமே முழுதாகக் கொடு, எனக்கு மறுப்பே இல்லை, நானும் முப்பத்தொரு வருஷம் கொழுந்து லொறி ஓட்டியவன், கராஜ் பாஸ்மாரின் கையால்தான் அந்த லொறி ஓடியது. ஆனால் அப்போதும் பாகத்தை நீ வாங்கிக் கொடு.

ஏன் என்று சொல்கிறேன். போன மாதம் மாமாவின் முச்சக்கர வண்டியை நிறுத்தும் இடத்தில் ஒருவர் காரை ஸ்டார்ட் பண்ணினார், காலைக் குளிரில் இரண்டு மூன்று செக்கன் கடகடவென்று அடித்துப் பிறகு அடங்கியது. ஒயில் பில்டர் புதுசு, போட்டு ஒரு வாரம், பெட்டியில் கொம்பனிப் பெயர் பளபளவென்று இருந்தது. கழற்றி வாங்கி வந்து வாசலில் வைத்து அரத்தால் வெட்டினேன். உள்ளே மடித்த காகிதம் இருக்குமே, அது ஒப்புக்குக் கொஞ்சம், மடிப்புகள் ஒரு பக்கம் ஒட்டாமல் பிரிந்து கிடந்தது, ஒயில் அதன் வழியாகப் போகாமல் ஓரத்தால் வழுக்கிப் போயிருக்கிறது. வாயில் ஒரு ரப்பர் வளையம் உண்டு, எஞ்சின் நின்ற பிறகு ஒயில் திரும்ப வடிந்துவிடாமல் பிடிப்பது அதுதான். இதில் அது விறைத்துப்போய் நகத்தால் அழுத்தினால் அமுங்கவே இல்லை. ஒயில் ராத்திரி முழுக்க வடிந்துவிடும், காலையில் எஞ்சின் காய்ந்த இரும்போடு சுற்றும். பெட்டியை மட்டும் பார்த்தால் உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அசல் என்றால் கொம்பனி பெட்டி மட்டும்தான் என்றும் இல்லை. டென்சோ, ஐசின், என்ஜிகே மாதிரி ஆட்கள் கார்க் கொம்பனிகளுக்கே செய்து கொடுக்கிறவர்கள், அவர்கள் சொந்தப் பெட்டியில் விற்பது விலை குறைவாகவும் இருக்கும். வாரண்டி முடிந்த பிறகு அதை வாங்கலாம், ஆனால் வண்டியில் அடித்திருக்கும் செசி நம்பரைக் கொடுத்துப் பாக நம்பரை ஒத்துப் பார்த்து, பில் போடும் கடையில். கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் கிடைக்காத பழைய சாமான் இல்லை, கதவு, கண்ணாடி, பம்பர் என்றால் அங்கே போ. பிரேக், ஸ்டியரிங், எயார் பேக் சம்பந்தப்பட்ட எதையும் வெட்டிப் பிரித்த பழைய வண்டியிலிருந்து வாங்கிப் போடாதே.

சீட்டுக்கு உறை தைக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். சீட்டின் பக்கவாட்டில் எயார் பேக் என்று ஒரு சின்னத் துணித்துண்டு தைத்திருக்கிறதா பார். இருந்தால் கண்ட உறையைப் போடாதே, அது வெடித்து விரிய வழி இருக்காது. பனி வீதிக்கென்று கூடுதல் லைட் போடுவதானால் வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றுகிற இடத்தில் விடாதே, பிறகு மின்சாரப் பக்கம் எது பழுதானாலும் அந்த முறுக்கைக் காட்டித்தான் கைவிரிப்பார்கள்.

மாமா மகன் ஜப்பான் ரீகண்டிஷன் காரொன்று பார்க்கிறான், பழைய மொடல். அவனுக்கும் சொல்: ஜப்பான் கொம்பனி வாரண்டி காரோடு கப்பலில் சேர்ந்து வராது, விற்கிற கடை எழுதித் தருவது மட்டும்தான். கைநூல் ஜப்பான் மொழியில் இருக்கும், போன் கமராவைப் பிடித்தால் மொழிபெயர்க்கிறது, அதுவே போதும். டக்காட்டா என்ற கொம்பனி செய்த எயார் பேக் பிரச்சினையில் திரும்ப அழைத்த வண்டியா என்று செசி நம்பரை வைத்துப் பார்க்கச் சொல். வெக்கையும் ஈரமும் வருஷக்கணக்கில் பட்டு உள்ளே இருக்கும் வெடிமருந்து கெட்டுப்போய், வெடிக்கும்போது இரும்புத் துண்டு முகத்தில் பறந்த கதை அது. அப்படித் திரும்ப அழைத்து மாற்றுவது வேறு, வாரண்டி வேறு. வாரண்டி முடிந்தது என்று அதை விட்டுவிடக் கூடாது.

கடைசியாகப் பிரேக். உன் கார் ஓட்டோ கியர், இறக்கத்தில் எல்லாரும் டி என்ற கியரிலேயே போட்டு பிரேக்கை மிதித்தபடி வருகிறார்கள். றம்பொடை வளைவுகளில் சில்லிலிருந்து புகை வர ஓரத்தில் நிற்கும் வேன்களை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன், கருகிய வாடை பத்தடி தள்ளியே வரும். கைநூலில் இறக்கத்துக்கு எந்த எழுத்து என்று இருக்கும், சிலதில் எல், சிலதில் பி, சிலதில் எஸ். இங்கிருந்து கித்துல்கல இறங்கும் வரை அதைப் பயன்படுத்து, எஞ்சினே வண்டியைப் பிடிக்கும். பிரேக் ஒயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். டொட் 3 என்ற தரத்து பிரேக் ஒயில் என்றால் புதிதில் குறைந்தது 205 பாகை வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு 140க்கே கொதிக்கலாம், கொதித்தால் குமிழி வந்து பெடல் அப்படியே கீழே இறங்கிவிடும். நம் பக்கத்து ஈரம் உனக்குத் தெரியும். இரண்டு வருஷம் என்று புத்தகத்தில் போட்டிருந்தால் இரண்டு வருஷத்தில் மாற்று. பேட் தேய்ந்ததற்கு வாரண்டி இல்லையே என்று பேட் மாற்றுவதைத் தள்ளிப் போடாதே மகள், காசு இல்லை என்றால் என்னிடம் கேள்.

வெசாக் லீவுக்கு வரும்போது இரண்டு புத்தகத்தையும், இதுவரை போட்ட பில்களையும் எடுத்து வா. இப்போதைக்கு வாரண்டிப் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பு, நான் கண்ணாடி போட்டு வாசித்துப் பென்சிலால் குறித்து வைக்கிறேன். அம்மா உனக்கு நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா