இருவர் காஸ்ப்ளே படங்கள்: கேமராவுக்கு முன்பே தொடங்கும் உழைப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அனிமே எனப்படும் ஜப்பானிய அசைபடத் தொடர்களின் கதாபாத்திரங்களாக வேடமிட்டுப் படமெடுத்துக்கொள்ளும் காஸ்ப்ளே கலையைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியுடன் படித்தேன். உடையையும் ஒப்பனையையும் விரிவாகப் பேசிய அக்கட்டுரை, இருவர் சேர்ந்து எடுத்துக்கொள்ளும் படங்களுக்கு வந்தபோது, உடைகள் தயாரானால் மீதியைப் புகைப்படக் கலைஞர் பார்த்துக்கொள்வார் என்ற அளவில் நின்றுவிட்டது. இத்தகைய படங்களைத் தொடர்ந்து எடுத்து வருபவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க இயலவில்லை. இருவர் படத்தின் கருப்பொருள் அந்த இரு பாத்திரங்களுக்கிடையே உள்ள உறவே. அந்த உறவைப் படத்தில் கொண்டுவரும் வேலை துணி எடுப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

முதலில் தீர்மானிக்க வேண்டியது, கதையின் எந்தக் கட்டத்தில் இருக்கும் இருவரை நாம் காட்டப்போகிறோம் என்பது. நெடுந்தொடர்களில் ஒரே பாத்திரத்தின் உடையும் தலைமுடியும் பலமுறை மாறுகின்றன. ஒருவர் கதைத் தொடக்கத்து உடையிலும் மற்றவர் இறுதிக்கட்டத்து உடையிலும் வந்து நின்றால், தொடரை அறிந்தவர் கண்ணுக்கு அது உடனே உறுத்தும். 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' என்ற தொடரில் வரும் எட்வர்ட், அல்போன்ஸ் என்னும் எல்ரிக் சகோதரர்களை எடுத்துக்கொள்வோம்: அண்ணன் உயரம் குறைந்தவன், தம்பியோ பெரிய இரும்புக் கவச உருவில் இருப்பவன். அந்த உயர வேறுபாடு படத்தில் தெரியாவிட்டால், கவசத்தை எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தாலும் அவர்கள் அந்தச் சகோதரர்களாகத் தோன்றமாட்டார்கள். ஆகவே, யார் எந்த வேடம் ஏற்பது, யாருக்குக் குதிகால் உயர்ந்த காலணி, யாரை மரப்பெட்டியின்மேல் நிறுத்துவது என்பவற்றை இருவரும் புகைப்படக் கலைஞரும் சேர்ந்து முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். துணியிலும் இதே கவனம் தேவை. ஒருவர் பளபளக்கும் சாட்டினிலும் மற்றவர் மங்கலான பருத்தியிலும் தைத்துக்கொண்டால், ஒரே வெளிச்சத்தில் நின்றாலும் இருவரும் வெவ்வேறு உலகத்தவராகத் தெரிவார்கள்.

படமெடுக்கும் நாளில் பெரும் சோதனை கவனக்குவியம்தான். தனியாள் படத்துக்கு அழகு சேர்க்கும் எஃப் 1.8 போன்ற அகன்ற லென்ஸ் துளை, இருவரில் ஒருவர் சற்றே பின்னால் நின்றாலும் அவர் முகத்தை மங்கலாக்கிவிடும். எஃப் 4 அல்லது 5.6 வரை துளையைக் குறுக்கி, இருவர் கண்களும் கேமராவிலிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில் இருக்குமாறு நிறுத்துவது பாதுகாப்பானது. ஒருவர் பின்னால்தான் நிற்க வேண்டும் என்று கதை கோரினால், அதே காட்சியை முன்னவர்மீது ஒருமுறையும் பின்னவர்மீது ஒருமுறையும் குவியம் வைத்து எடுத்துக்கொள்ளலாம். இருவரையும் அடக்குவதற்காக 24 மி.மீ. போன்ற அகலக்கோண லென்ஸை நெருக்கத்தில் பயன்படுத்தினால் ஓரத்தில் நிற்பவரின் உடல் இழுபட்டுத் தெரியும். பின்னால் நகர்ந்து 50 அல்லது 85 மி.மீ. லென்ஸில் எடுப்பதே நல்லது.

பார்வையும் அப்படியே. எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் நேராகப் பார்த்தால், பக்கவாட்டில் இருக்கும் கேமராவுக்குப் பாதி முகம்தான் கிடைக்கும். எதிராளியின் இரு காதுகளில் கேமராவின் பக்கம் இருக்கும் காதைப் பார்க்கச் சொன்னால் இரு முகங்களும் சற்றுத் திறந்துகொள்ளும். பார்ப்பவருக்கோ அவர்கள் கண்ணோடு கண் நோக்குவதாகவே தோன்றும். விக்கின் முன்முடி கண்கள்மீது நிழல் வீழ்த்துவதால், கீழிருந்து ஒளியை முகத்தின்மேல் திருப்பும் ரிஃப்ளெக்டர் பலகையைப் பிடிக்க ஓர் உதவியாளர் வேண்டும். பறக்கும் மேலங்கியை உறையவைக்க 1/500 நொடி வேகம் தேவைப்படும். ஆனால் சாதாரண ஃபிளாஷ் பெரும்பாலான கேமராக்களில் 1/200 அல்லது 1/250 நொடி வரைதான் ஒத்துழைக்கும், அதைத் தாண்டினால் படத்தின் ஒரு பகுதி இருண்டுபோகும். இதைப் படப்பிடிப்புக்கு முன்னரே சோதித்துப் பார்த்துவிட வேண்டும்.

இவை அனைத்தையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒப்புதல். தோளில் சாய்வது, கழுத்தில் வாளை வைப்பது போன்ற போஸ்களை இருவரும் முன்பே பேசிச் சம்மதித்திருக்க வேண்டும். அந்த நேரத்து உற்சாகத்தில் புகைப்படக் கலைஞர் வற்புறுத்துவது முறையன்று. ஒருவர் முகத்தை மட்டும் மெருகேற்றி வெளியிடுவதும் மற்றவருக்குச் செய்யும் அநீதி. நிறம் மாற்றும் கான்டாக்ட் லென்ஸை ஒருவருக்கொருவர் மாற்றி அணிவது கண்ணில் தொற்றை உண்டாக்கக்கூடியது என்பதால் அதை அறவே தவிர்க்க வேண்டும்.

ஜப்பானின் நகோயா நகரில் 2003-இல் தொடங்கிய உலக காஸ்ப்ளே உச்சிமாநாட்டின் போட்டியில் நாடுகளின் சார்பில் இருவர் குழுக்கள்தான் களமிறங்குகின்றன. உடைத் தயாரிப்போடு மேடை நடிப்பும் அங்கே மதிப்பிடப்படுகிறது. இருவர் இணைந்து உருவாக்கும் வேடத்துக்கு அத்தகைய மதிப்பு இருக்கும்போது, நம் இதழ்களில் இப்படங்கள் பெயரில்லாமல் வெறும் அலங்காரமாக அச்சாவது எனக்கு வருத்தமளிக்கிறது. இனி இத்தகைய படங்களை வெளியிடும்போது, உரியவர்களின் சம்மதத்தோடு, வேடமேற்ற இருவர், உடை செய்தவர், படமெடுத்தவர் ஆகியோரின் பெயர்களையும் பாத்திரங்களின் பெயர்களையும் படத்தின் கீழே அச்சிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்