உள்மனசு சொன்னா போதுமா?

மாப்ளே,

பதில் போட இத்தனை நாளாக்கினதுக்கு நல்லா திட்டிக்கோ. இங்க எல்லாரும் சௌக்கியம். நம்ம சிநேகிதன் மொட்டைக்கு ரெண்டாவதும் பொண்ணு. அவனுக்கு போன் பண்ணு, நீ பேசலைன்னு கோவமா இருக்கான்.

ஐ.டி. வேலையை விட்டுட்டு கணக்கு வாத்தியாராகப் போறேன், உள்மனசு சொல்லுதுன்னு எழுதியிருக்கே. சந்தோஷம்டா. ஆனா உள்மனசை எதுல நம்பணும்னு பிரிச்சுப் பாரு. உளவியல் அறிஞர் டேனியல் கானமன் உள்ளுணர்வைச் சந்தேகப்பட்டவர். இன்னொரு உளவியலாளர் கேரி க்ளைன் தீயணைப்பு அதிகாரிகளைப் பல காலம் கவனிச்சு அதை மதிச்சவர். ரெண்டு பேரும் சேர்ந்து 2009-ல் எழுதின கட்டுரையில் ஒத்துப்போன இடம் இது: உள்ளுணர்வை நம்பணும்னா, அந்தத் துறையில் நடக்கிறதுல ஒரு ஒழுங்கு இருக்கணும்; செஞ்சது சரியா தப்பான்னு தெரிஞ்சு தெரிஞ்சு பழகியிருக்கணும். எவ்வளவு உறுதியா தோணுதுங்கறது அளவுகோலே இல்லை.

இந்த ஐ.டி. வேலை உனக்கு ஒத்துவரலைன்னு தோணுது பாரு, அதை நம்பு. வருஷக்கணக்கா பார்த்துப் பழகின மனசு சொல்றது அது. வகுப்பறை ஒத்துவரும்னு தோணுறது வேற. அங்க நீ இன்னும் நின்னதே இல்லை. அதனால ராஜினாமாவுக்கு முன்னாடி சனி, ஞாயிறு ஒரு டியூஷன் சென்டரில் எட்டாம் வகுப்பு எடு. ஒரு பருவம் முழுக்க எடுக்கணும். நடத்துறது ஆரம்பத்தில் யாருக்கும் இனிக்கும். பின்னக் கூட்டலை மூணாந்தடவையும் தப்பாப் போடுற பையன்கிட்ட உட்காரு, விடைத்தாளை நீயே திருத்து. அப்பவும் அவன் எங்க வழுக்குறான்னு தேடத் தோணுச்சுன்னா, அந்த உள்ளுணர்வுக்கு வேர் பிடிச்சாச்சு.

பி.எட். 2 வருஷம், ரெண்டாம் வருஷம் 16 வாரம் பள்ளிக்கூடப் பயிற்சி. வேலை பார்த்துக்கிட்டே முடிச்சிடலாம்னு நினைக்காதே. அரசுப் பள்ளின்னா டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு, ரெண்டாம் தாள், பொதுப்பிரிவுக்கு 150-க்கு 90. அது வெறும் தகுதிதான். நியமனத் தேர்வு தனி.

ராஜினாமா தேதி விஷயத்தில் மட்டும் அவசரப்படாதே, கெஞ்சிக் கேக்கறேன். கம்பெனியில் 5 வருஷம் முடிஞ்சாத்தான் கிராஜுவிட்டி, அதாவது விலகும்போது தர்ற பணிக்கொடை; அதுக்கு உனக்கு இன்னும் நாலு மாசம்தான். அடிப்படைச் சம்பளம் 40,000-ன்னு வை: 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, அஞ்சு வருஷத்துக்குப் போட்டா கிராஜுவிட்டி 1,15,000-க்கு மேல. பி.எஃப். பணத்தைத் தொடாதே. கம்பெனி மருத்துவக் காப்பீடு வேலையோட போயிடும்; புது பாலிசியில் அம்மாவோட சர்க்கரைக்கு 3 வருஷம் வரைக்கும் காத்திருக்க வைப்பாங்க. அதை இப்பவே எடு, சர்க்கரையை மறைக்காம எழுது. மறைச்சா பின்னாடி க்ளெய்மை நிராகரிச்சிடுவாங்க.

தங்கச்சிகிட்ட இதையெல்லாம் காட்டு, அவ கணக்கு உன்னைவிடத் தெளிவு. சென்டர் அமைஞ்சதும் எழுது.

அன்புடன்,
உன் ரூம்மேட்