அடுப்படி வீடியோவில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளைத் தடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் வாசகர் கடிதப் பகுதியில் அண்மையில் தந்தை ஒருவர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் நாள் முழுக்கப் போனில் வெள்ளைக்காரர்களின் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்கள், கேட்டால் ஆங்கிலம் படிக்கிறோம் என்று சாக்குச் சொல்கிறார்கள் என்பது அவருடைய குறை. அவர் கவலை நியாயமானது. ஆனால் அந்தப் பிள்ளைகளில் பலர் சாக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே படிக்கிறார்கள். நானும் அப்படிப் படித்து வேலைக்கு வந்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிக்கொண்டு போய் வேலையை விளக்குவது என் பொறுப்பு. அம்மா கொழுந்தெடுத்துத்தான் எங்களை வளர்த்தார். ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலையின் மேல்மாடியில் கொழுந்து வாடுவது, ரோலரில் உருளுவது, காற்றுப்பட்டு நிறம் மாறுவது, சூட்டில் காய்வது, சல்லடையில் பி.ஓ.பி., பி.ஓ.பி.எப். என்று தரம் பிரிவது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவேன். அதை மனப்பாடம் செய்வது பெரிய காரியமில்லை. பள்ளிக்கூடத்து ஆங்கிலமே அதற்குப் போதும். நான் சொல்லி முடித்து, அவர்கள் வாய் திறக்கும்போதுதான் கஷ்டம் தொடங்குகிறது.

போன சீசனில் எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பிள்ளை, சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு ஏ சித்தி எடுத்தவள். தேநீர் ருசி பார்க்கும் மேசையில் நின்றாள். அவுஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த ஒருவரிடம் இன்னொரு கோப்பை வேண்டுமா என்று பிழையில்லாத ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே "ஐம் குட், தேங்க்ஸ்" என்றார். சுகம் விசாரித்ததற்குப் பதில் சொல்கிறார் என்று நினைத்து, "ஐ ஆம் ஓல்சோ குட், சேர்" என்று சொல்லிக் கோப்பையை நிறைத்துவிட்டாள். நல்ல மனிதர், முகம் சுளிக்காமல் குடித்தார். அவர் போன பிறகு நான் விளக்கியதும் பிள்ளையின் முகம் வாடிப்போனது. அவள் இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. 'போதும், வேண்டாம்' என்பதை மனிதர்கள் இப்படியும் சொல்வார்கள் என்று இத்தனை வருடப் பாடப்புத்தகத்தில் யாரும் அவளுக்குக் காட்டவில்லை. பேசுகிறவரின் முகத்தையும் கையையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது பிடிபடும். அதற்குத்தான் வீடியோ.

எந்த வீடியோ என்பதுதான் இங்கே முக்கியம். '10 நிமிடத்தில் 50 மரபுத்தொடர்கள்' என்று ஒருவர் பலகைக்கு முன்னால் நின்று ஒப்பிக்கும் வகையை நான் சொல்லவில்லை. அது வகுப்பறையையே போனுக்குள் கொண்டுவந்து வைப்பது. நான் சொல்வது, பாடம் நடத்தும் எண்ணமே இல்லாமல், தங்கள் வேலையைச் செய்துகொண்டே பேசுகிறவர்களின் வீடியோக்கள். ரொட்டி சுடுகிறவர், சைக்கிள் திருத்துகிறவர், கரட் விதைக்கிறவர், ஆட்டுப் பட்டி வைத்திருப்பவர். நான் விரும்பிப் பார்ப்பது இங்கிலாந்தின் வடக்கில் அடுப்படியில் நின்று சமைக்கும் வயதான அம்மாக்களை. எங்கள் மலையில் பறித்த கொழுந்து அவர்கள் வீட்டுக் கோப்பைக்குப் போய் என்ன ஆகிறது என்று பார்க்கும் ஆசையில்தான் தொடங்கினேன்.

அந்த அம்மாக்கள் ஒரு வேலையைத் தொடங்கும் முன் "ரைட்" என்கிறார்கள். அதற்குச் 'சரி' என்றும் அர்த்தமில்லை, 'வலது' என்றும் அர்த்தமில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் முந்தானையைச் சொருகிக்கொண்டு "ம், ஆகட்டும்" என்பார்களே, அந்த இடம் அது. பிறகு "கெட் த கெட்டில் ஒன்" என்று தண்ணீர் கொதிக்க வைக்கிறார்கள். "லெட் இட் புரூ" என்று பானையை மூடுகிறார்கள். நாம் சாயம் இறங்கட்டும் என்று விடுவதைப் போலவே. பால் விட்டுக் கடுப்பமாக, பெரிய மக்கில் குடிக்கும் தேநீருக்கு 'பில்டர்ஸ் டீ', மேசன் வேலை செய்கிறவர்களின் தேநீர், என்று பெயர். லண்டனிலிருந்து வந்த ஒரு கட்டடத் தொழிலாளியிடம் நான் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டபோது அவர் மனைவியைக் கூப்பிட்டு "கேட்டியா?" என்று சந்தோசப்பட்டார். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் என்னிடம் கேட்காத கேள்வியில்லை.

'ஸ்டியூட்' என்ற ஒரு சொல்லைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஸ்டோரில் அது குறைச் சொல். காய வைக்கும் மெசினில் சூடு குறைந்து, காற்றும் போதாமல் இலை வெந்ததுபோல் ஆகிவிட்டால், அந்தத் தூளில் ஊற்றிய சாயம் சப்பென்று இருக்கும். ருசி பார்க்கும் ஐயா அதை 'ஸ்டியூட்' என்று எழுதி வைப்பார். தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கருக்கு அன்று தூக்கம் வராது. ஒருநாள் இங்கிலாந்துக்கார அம்மா ஒருவர், கோப்பையில் தூளை ஊற வைத்துவிட்டு மலையைப் படம் பிடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து ஒரு மிடறு குடித்துவிட்டு, "ஓ, இட்ஸ் ஸ்டியூட்" என்றார். பக்கத்தில் நின்ற எங்கள் உத்தியோகத்தருக்கு முகம் கறுத்துவிட்டது. அந்த அம்மா எங்கள் தூளைக் குறை சொல்லவில்லை. அடுப்படியில் அந்தச் சொல், அதிக நேரம் ஊறிக் கசந்துபோன தேநீருக்கு. எத்தனையோ வீடியோக்களில் அதைக் கேட்டிருந்ததால் நான் உடனே வேறு கோப்பை ஊற்றிக் கொடுத்தேன். உத்தியோகத்தருக்குத் தமிழில் காரணத்தைச் சொன்னேன். அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தால் இரண்டு பேரையும் சமாதானப்படுத்தியிருக்க முடியாது.

மழைக்கு வருவோம். மலையகத்தில் மழையைப் பற்றிப் பேசாமல் ஒரு நாள் போகாது. பூனையும் நாயும் மழையாய்க் கொட்டுவதாக ஒரு ஆங்கில மரபுத்தொடரை நாங்கள் எல்லோரும் பரீட்சைக்குப் படித்தோம். எங்கள் தாழ்வாரத்தில் ஒதுங்கி நிற்கும் பயணிகளிடம் நான் அதைக் கேட்டதே இல்லை. "இட்ஸ் போரிங்" (ஊற்றுகிறது), "இட்ஸ் பக்கட்டிங் டவுன்" (வாளியால் கொட்டுகிறது) என்றுதான் அவர்கள் சொல்கிறார்கள். இலக்கணத்துக்கு அந்தப் பழைய தொடர் பிழையில்லை. ஆனால் பிள்ளைகள் முதலில் படிக்க வேண்டியது இன்று வாயில் புழங்குவதை. 'எனக்குப் பிடித்த விசயமில்லை' என்பதற்கு வரும் 'நொட் மை கப் ஒப் டீ' என்ற தொடரைத் தேநீர் மேசையில் வைத்தே சொல்வார்கள், பேச்சு தேநீரைப் பற்றி இருக்காது. மலையேறப் பிடிக்காத கணவர் தன் மனைவியிடம் சொல்வார்.

பெற்றோருக்கு ஒன்று. வெறுமனே பார்த்துக்கொண்டே போனால் பலன் குறைவு என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். பிள்ளையிடம் கொப்பி இருக்கிறதா என்று பாருங்கள். என் கொப்பியில் ஒரு தொடரை எழுதினால் அதன் பக்கத்தில் யார் சொன்னது, யாரிடம், எப்போது என்பதையும் எழுதுவேன். தமிழ் அர்த்தத்தைக் கடைசியில்தான் எழுதுவேன், சில வேளை எழுதுவதே இல்லை. 'யாரிடம்' என்ற இடத்தை ஒருபோதும் வெறுமையாக விடக்கூடாது. கூட்டாளிகளுக்குள் பேசும் பேச்சை அப்படியே எடுத்து வயதான விருந்தினரிடம் சொன்னால் மரியாதை கெட்டுவிடும். கெட்ட வார்த்தை கலந்த வீடியோக்களும் நிறைய இருக்கின்றன. அதனால் பிள்ளை என்ன பார்க்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஆங்கிலம் தெரியாத தாய்க்கும் பேசுகிறவரின் குரல் தன்மையாக இருக்கிறதா, திட்டுகிறதா என்று தெரியும்.

யூடியூபில் வேகத்தை 0.75 ஆகக் குறைத்துக் கேட்கலாம். முதல் தடவை எழுத்தில்லாமல் கேட்டு, இரண்டாம் தடவை கீழே ஓடும் ஆங்கில எழுத்தோடு பார்ப்பது நல்லது. தானாக வரும் எழுத்து ஊர்ப்புற உச்சரிப்பில் அடிக்கடி தடுமாறும். அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். மெதுவாகக் கேட்டுப் படிப்பது புதிய விசயமும் இல்லை. வொய்ஸ் ஒப் அமெரிக்கா 1959 இல் சுமார் 1,500 சொற்களை அடிப்படையாக வைத்து மெதுவான ஆங்கில ஒலிபரப்பைத் தொடங்கியது. எங்கள் தோட்டத்துப் பழைய கிளாக்கர் ஐயா சிற்றலையில் அதைக் கேட்டுத்தான் தன் ஆங்கிலத்தைத் தேற்றினாராம். இன்று முகத்தையும் பார்க்கக் கிடைத்திருக்கிறது.

சொற்களை ஆராய்ந்த நியூசிலாந்துப் பேராசிரியர் போல் நேஷன், பேச்சு ஆங்கிலத்தைத் துணையில்லாமல் விளங்கிக்கொள்ள 6,000 முதல் 7,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) வேண்டும் என்று 2006 இல் கணக்கிட்டார். அந்தக் கணக்கை என்னிடம் சொன்ன ஆசிரியர், இதில் வகுப்பில் எவ்வளவைத்தான் கற்பிக்க முடியும் என்று கேட்டார். அவர் மேல் எனக்குக் குறையில்லை. ஒரு பாடவேளைக்குள் ஒரு வகுப்பு முழுவதையும் பேச வைக்க யாராலும் முடியாது. மிச்சத்தைப் பிள்ளை வெளியில்தான் கேட்க வேண்டும். கொழும்புப் பிள்ளைக்கு அது வீதியிலும் வீட்டிலும் கிடைக்கிறது. தோட்டத்து வரிசை வீடுகளில் வளரும் லயத்துப் பிள்ளைக்குப் போனில்தான் கிடைக்கிறது.

அந்தப் போனும் எத்தனை வீட்டில் பிள்ளையின் கையில் இருக்கிறது? வீட்டுக்கு ஒரு போன் என்றால் அது காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ரீலோட் போடுவதா, மா வாங்குவதா என்று யோசிக்கும் வீட்டில் வீடியோ பார்க்க டேட்டா ஏது? 2020, 2021 கொரோனா காலத்தில் நம் பிள்ளைகள் சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறியதை நாடே பார்த்தது. பள்ளிக்கூடங்கள் திறந்ததும் அதை எல்லோரும் மறந்துவிட்டோம். ஆங்கிலம் இந்த நாட்டின் இணைப்பு மொழி என்று அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் 1987 இல் சொன்னது. லயத்துப் பிள்ளைக்கு அந்த இணைப்பு இன்னும் டேட்டா முடியும் வரைக்கும்தான்.

ஆகவே தங்கள் பத்திரிகை மூலம் சில வேண்டுகோள்கள். தோட்டங்களில் சனசமூக நிலையங்களும் வாசிகசாலைகளும் கோயில் மண்டபங்களும் இருக்கின்றன. பலவற்றில் தொலைக்காட்சிப் பெட்டியும் இருக்கிறது, ஆனால் அது கிரிக்கெட் பார்க்க மட்டும் திறக்கப்படுகிறது. சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரையுள்ள மாதங்களில், வாரத்தில் ஒரு மாலை நேரம் அந்தப் பெட்டிக்கு இணைய இணைப்புக் கொடுத்து, பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்து, இப்படியான வீடியோக்களைப் போட்டுக் காட்டினால் போதும். வேலை கிடைக்கக்கூடிய துறைகளையே எடுங்கள்: ஹோட்டல் அடுப்படி, தாதியர் வேலை, மோட்டார் திருத்துவது. பிரதேச சபைகளும் தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் நினைத்தால் இதற்குப் பெரிய பணம் தேவையில்லை.

தங்கள் பத்திரிகைக்கும் ஒன்று. வாரந்தோறும் வரும் ஆங்கிலப் பகுதியில் மரபுத்தொடர்களைப் பட்டியலாகப் போடுவதற்குப் பதில் ஒரே ஒரு உரையாடலைப் போடுங்கள். யார் யாரிடம் எந்த இடத்தில் பேசுகிறார்கள் என்பதும் அதில் இருக்கட்டும். பிள்ளைகள் அதை வெட்டிக் கொப்பியில் ஒட்டுவார்கள், நான் ஒட்டியிருக்கிறேன்.

எங்கள் டிவிசன் மண்டபத்தின் சாவி தலைவரிடம் இருக்கிறது. திங்கட்கிழமை எனக்கு ஓய்வு நாள். அன்று மாலை அவர் கதவைத் திறந்து விட்டால், பிள்ளைகளோடு உட்கார நான் வருகிறேன். மற்றத் தோட்டங்களில் என்னைப் போல் இந்த வேலையில் இருப்பவர்களும் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தேயிலைத் தொழிற்சாலை வழிகாட்டி ஒருத்தி,
தலவாக்கலை.