எங்கள் ஆற்றைப் பற்றி எழுதுவது எங்கள் ஆட்களுக்கும் புரியட்டும்

எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றிய ஆய்வுகளை வெளியிடும் ஓப்பன் ஆக்சஸ் (யாரும் காசில்லாமல் படிக்கக்கூடிய) இதழ்களின் ஆசிரியர் குழுவினருக்கும், வெளியாகும் முன் அவற்றைப் படித்து மதிப்பாய்வு செய்யும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நான் பிறந்தது எண்ணூர் ஆற்றோரம் இருக்கிற காட்டுக்குப்பத்தில். இப்போது திருவொற்றியூரில் இருக்கிறேன், ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். அப்பா வழியில் எல்லாருக்கும் ஆற்றுத் தொழில்தான். வருஷத்துக்கு நாலைந்து கட்டுரைகள் எனக்கும் மதிப்பாய்வுக்கு வரும். உங்களைப் போலவே சம்பளம் இல்லாமல், ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து பார்த்து அனுப்புகிறவள்தான் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்லூரி நூலகத்துக்கு ஆய்விதழ்களுக்குச் சந்தா கட்டும் வசதி கிடையாது. 2025 ஜனவரியில் தொடங்கிய மத்திய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பகங்களின் 13,000 இதழ்கள் வரை கிடைக்கின்றன. மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய். நல்ல திட்டம்தான். ஆனால் முதல் கட்டத்தில் அது அரசு நிர்வாகத்தில் உள்ள நிறுவனங்களுக்கு. என் மாணவிகளுக்குக் கையில் இருப்பது நீங்கள் திறந்து வைத்திருப்பது மட்டும்தான். 2002-ல் ஓப்பன் ஆக்சஸுக்காக வந்த புடாபெஸ்ட் அறிக்கை கேட்டதும் இதைத்தானே: இணையம் உள்ள யாரும் காசில்லாமல் படிக்கலாம், இறக்கிக்கொள்ளலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். தண்டையார்ப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வரும் பிள்ளை போனிலேயே முழுக் கட்டுரையையும் படித்துவிட்டு வகுப்பில் கேள்வி கேட்கிறது. இது உங்களால் நடந்தது.

சரி, இப்போது என் கோரிக்கை.

போன பொங்கல் விடுமுறையில் காட்டுக்குப்பம் போயிருந்தேன். எங்கள் ஆற்றுத் தண்ணீரில் காரீயமும் காட்மியமும் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. திண்ணையில் பெரியப்பா வலை பின்னிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கட்டுரையைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். எட்டு இடத்தில் தண்ணீர் எடுத்திருந்தார்கள். கட்டுரையில் ஊர்ப் பெயரே இல்லை, ஒன்றாம் நிலையம், இரண்டாம் நிலையம் என்று எண்கள்தான். அட்சரேகையை வைத்து மேப்பில் தேடி, இது முகத்துவாரம், இது ரயில்வே பாலத்துக்குக் கீழே என்று சொன்னேன். ஊசியை வலையிலேயே குத்தி நிறுத்திவிட்டு அவர் கேட்டார்: “பாலத்துக்கிட்ட தண்ணி எடுத்தாங்களே, அப்போ கடல் தண்ணி ஏறிக்கிட்டு இருந்துதா, வத்திக்கிட்டு இருந்துதா?”

ஆய்வு முறைப் பகுதியை மூன்று தடவை புரட்டினேன். மாதம் இருக்கிறது. பாட்டிலின் கொள்ளளவு இருக்கிறது, அமிலம் எத்தனை சொட்டு விட்டார்கள் என்பதுகூட இருக்கிறது. நீர் ஏறுகிற நேரமா வற்றுகிற நேரமா என்பது எங்கேயும் இல்லை.

ஆற்றோடு பழகியவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஏறும்போது கடல் தண்ணீர் உள்ளே வந்து எல்லாவற்றையும் நீர்த்துப்போக வைக்கும். வற்றும்போது கால்வாயும் ஆலைகளும் அனல் மின் நிலையச் சாம்பல் குட்டைகளும் விட்டது கீழே இறங்கி வரும். காலையில் ஓர் இடத்திலும் மத்தியானம் இன்னொரு இடத்திலும் எடுத்துவிட்டு, அங்கே மாசு குறைவு, இங்கே அதிகம் என்று அட்டவணை போட்டால், அது இடத்தின் வித்தியாசமா நேரத்தின் வித்தியாசமா என்று யார் பிரித்துச் சொல்வது? இரண்டு மதிப்பாய்வாளர்களும் ஓர் ஆசிரியரும் பார்த்துத் தாண்டிவிட்ட கட்டுரை அது. என்னிடம் வந்திருந்தால் நானும் தாண்டித்தான் போயிருப்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற பெரியப்பா பத்தே நிமிஷத்தில் பிடித்துவிட்டார்.

அதனால்தான் கேட்கிறேன். எங்கள் ஆற்றைப் பற்றிய ஒவ்வொரு கட்டுரையோடும் முந்நூறு சொல்லில் ஒரு தமிழ்ச் சுருக்கம் போடுங்கள். ஆங்கிலச் சுருக்கத்தை மெஷினில் போட்டு எடுத்தது வேண்டாம். எங்கே எடுத்தீர்கள், எப்போது எடுத்தீர்கள், என்ன கிடைத்தது, எது நிச்சயம், எது நிச்சயமில்லை என்று ஊர்ப் பெயரோடு எழுதியது வேண்டும். சிவன்படைக்குப்பம் என்று எழுதினால் சிவன்படைக்குப்பத்துக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பார். அப்புறம், அந்தச் சுருக்கத்தையும் மதிப்பாய்வுக்கு அனுப்புங்கள். புள்ளியியலைச் சரிபார்க்கச் சொல்கிற படிவத்தில் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தால் போதும்.

உயிரினங்களின் பெயரும் அப்படித்தான். ஆற்றின் அடியில் பாய் விரித்த மாதிரி மண்டிக் கிடக்கிற சிப்பியை எங்கள் ஆட்கள் காக்கா ஆழி என்பார்கள். இறால் புதைகிற சேற்றை அது மூடிவிடுகிறது, கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்குப் பிழைப்பே போய்விட்டது என்று பல வருஷமாகச் சொல்கிறார்கள். மத்திய, தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த மைட்டெல்லா ஸ்ட்ரைகேட்டா அது. கட்டுரைகளில் அந்த லத்தீன் பெயர் மட்டும் இருந்தால், காக்கா ஆழி என்று போனில் தட்டித் தேடுகிற பையனுக்கு ஒன்றும் வராது. சுருக்கத்திலும் திறவுச்சொற்களிலும் உள்ளதைத்தான் தேடுபொறி முதலில் எடுக்கிறது. ஒரே ஒரு தமிழ்ச் சொல் சேர்த்தால் போதும், கட்டுரை அவன் கையில் போய்ச் சேரும்.

பணத்தைக் காட்டி இதை மறுக்க வேண்டாம். திறந்த வெளியீட்டுக்கு ஒரு கட்டுரைக்கு எழுதியவர் தரப்பு 9,500 யூரோ கட்ட வேண்டும் என்று நேச்சர் இதழ் 2020-ல் அறிவித்ததை எல்லாரும் பார்த்தோம். நம் ஊர் ஆய்வு மாணவர்கள் அதில் பத்தில் ஒரு பங்குக்கே திண்டாடுகிறார்கள். தமிழ்ச் சுருக்கத்துக்கு என்று தனியாக ஒரு பில் வரக் கூடாது. 1997-ல் பிரேசிலில் தொடங்கிய சியேலோ என்ற திறந்த இதழ்த் தளம், போர்ச்சுகீசியத்திலும் ஸ்பானிய மொழியிலும் ஆய்வுகளைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

உரிமம் பற்றியும் சொல்ல வேண்டும், பலர் இதைக் கவனிப்பதில்லை. திறந்த கட்டுரைகளை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ‘பை’ (BY) போட்டால், பெயரைச் சொல்லிவிட்டு யாரும் மொழிபெயர்த்து வெளியிடலாம். மாற்றம் செய்து வெளியிடக் கூடாது என்கிற ‘என்டி’ (ND) சேர்ந்துவிட்டால் முடியாது, ஏனென்றால் மொழிபெயர்ப்பும் மாற்றம் செய்ததாகக் கணக்கு. கட்டுரை திறந்தே இருக்கும், ஆனால் அதைத் தமிழில் நோட்டீஸாக அடித்துக் குப்பத்தில் கொடுத்தால் உரிம மீறல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் ஆற்றில் வந்தபோது ஜனங்கள் வெறுங்கையால் வாளியில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதிக் கரையெல்லாம் எண்ணெய் ஒதுங்கியபோதும் அதே வாளிதான். எண்ணெய் தோலில் பட்டால் என்ன ஆகும் என்ற ஆய்வு அன்றைக்கே தமிழில் அவர்கள் கையில் இருந்திருக்க வேண்டும். வாசகர் யார் என்று யோசித்துவிட்டு ‘என்டி’ கட்டத்தைத் தொடுங்கள் என்று உங்கள் எழுத்தாளர்களுக்குச் சொல்லுங்கள்.

பெரியப்பாவின் கேள்வியை அந்த இதழுக்கு எழுதினேன். ஆசிரியருக்குக் கடிதம் பகுதியில் முறைப்படி பதிவேற்றச் சொன்னார்கள். அவரையும் உடன் எழுதியவராகச் சேர்க்கப் பார்த்தேன். ‘நிறுவனம்’ என்ற கட்டத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் அடுத்த பக்கம் போகவில்லை. மின்னஞ்சல் கட்டத்திலும் அதே. கடைசியில் அவர் பெயரை நன்றிப் பகுதியில் ஒரு வரியாகப் போட்டு அனுப்பினேன். கேள்வி அவருடையது, பெயர் என்னுடையது. எனக்கு இன்னும் அது உறுத்துகிறது. அந்த நட்சத்திரத்தை எடுத்துவிடுங்கள்.

தமிழ்ச் சுருக்கங்களைச் சரிபார்க்க ஆள் இல்லை என்றால் எனக்கு அனுப்புங்கள். நான் பார்த்துத் தருகிறேன். ஆற்றோரம் படித்துக் காட்டிவிட்டு, அவர்கள் கேட்கிற கேள்விகளையும் சேர்த்து அனுப்புகிறேன். என் கடிதத்துக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் பெரியப்பா கேட்கிறார், “என்ன சொன்னாங்கம்மா, ஏத்தமா வத்தமா?”

இப்படிக்கு,
ஒரு விலங்கியல் ஆசிரியை,
திருவொற்றியூர்